அம்பு எய்தால் மட்டும் போதுமா? விளையாட்டு வீரர்களுக்கு ‘பெர்சனல் பிராண்ட்’ ஏன், எப்படி?

கொல்லிமலைக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், வாழவந்தி நாட்டின் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கும். ஆடி மாதம் நடக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு.

யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியவன் ஓரி. இது நமக்கு எப்படித் தெரியும்? வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் பாடி வைத்ததால்தான். தன்னைப் புகழ்ந்ததைக் கேட்டு ஓரி வெட்கப்பட்டான் என்றும் அதே பாட்டு சொல்கிறது. தன் பெருமையைத் தானே பேசாத வீரனுக்குப் பேச ஒரு புலவர் கிடைத்தார்.

இன்று அதே மலையில் வில் பிடிக்கும் ஒரு மாணவருக்கு யார் கிடைப்பார்கள்? பக்கத்து சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு ஐபிஎல் கேமராக்கள் இருந்தன. 2020-ல் அவர் வீசிய யார்க்கர்களை நாடே பார்த்தது. நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே தொடரில் மூன்று ஃபார்மட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். வில்வித்தை, தடகளம், கபடி ஆடுபவர்களுக்கு அப்படி தினமும் கேமரா கிடைப்பதில்லை. கையில் இருப்பது ஒரு ஸ்மார்ட்போன்தான். அதை வைத்து என்ன செய்யலாம், எதில் சிக்கக் கூடாது? பார்ப்போம்.

பெர்சனல் பிராண்ட்னா என்ன?

ஃபாலோயர் எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அது அல்ல. உங்கள் பெயரைக் கேட்டதும் ஒருவர் மனதில் என்ன வருகிறதோ, அதுதான் உங்கள் பிராண்ட். தமிழில் ‘பேர் எடுப்பது’ என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். முன்பு ஊர் பேசி பேர் கிடைத்தது. இப்போது அதில் ஒரு பங்கை நீங்களே செய்யலாம்.

அஸ்வின் என்ன செய்தார்?

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் ரவிச்சந்திரன் அஸ்வின். 106 டெஸ்ட், 537 விக்கெட் எடுத்தவருக்குப் புதிதாக அடையாளம் தேவையில்லை. ஆனாலும் 2020 ஊரடங்கு நேரத்தில் யூடியூபில் தீவிரமாகப் பேச ஆரம்பித்தார், அதுவும் தமிழில். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியத் தொடர் முடிந்ததும், ஃபீல்டிங் பயிற்சியாளர் ஸ்ரீதருடன் உட்கார்ந்து, டிரஸ்ஸிங் ரூமில் நடந்ததை ஒரு நண்பரிடம் சொல்வது மாதிரி சொன்னார். வேறு எந்த சேனலிலும் கிடைக்காத கதை அது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் டான்ஸ் ரீல்ஸ் போட்டு ஆள் சேர்க்கவில்லை. தனக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைத் தன் மொழியில் பேசினார்.

அதற்கும் ஒரு எல்லை இருந்தது. 2025 ஐபிஎல்லில் அவர் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஆடியபோது, அவரது சேனலில் ஒரு பேச்சாளர் அணியின் தேர்வை விமர்சித்தது சர்ச்சையானது. அந்த சீசனில் சென்னை ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று சேனல் அறிவித்தது. சேனல் சொந்தமாக இருந்தாலும், ஓர் அணியின் வீரர் என்ற பொறுப்பு கூடவே வரும்.

சின்ன விளையாட்டுக்கு இது உதவுமா?

உதவும். அமெரிக்க ரக்பி வீராங்கனை இலோனா மாஹரைப் பாருங்கள். அங்கே ரக்பி பெரிய விளையாட்டு அல்ல. டோக்கியோ ஒலிம்பிக் கிராமத்தில் இருந்து அவர் போட்ட நகைச்சுவை வீடியோக்களும், தன் உடல்வாகு பற்றி வெளிப்படையாகப் பேசியதும் பெரும் கூட்டத்தைச் சேர்த்தன. 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பேர்ஸ் அணிக்காக அவர் களமிறங்கிய முதல் ஆட்டத்தை, டிக்கெட்டுக்கு இருந்த தேவையால் பெரிய மைதானத்துக்கே மாற்றினார்கள். ஆனால் அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

மலையில் இருந்து என்ன போடலாம்?

ஸ்டுடியோ வேண்டாம். விடியற்காலைப் பனியில் மேட்டுப் பாதையில் ஓடும் பயிற்சியை சென்னையில் இருப்பவர் எடுக்க முடியாது. அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

போட்டியின் பெயர், தேதி, நேரம் அல்லது ஸ்கோர் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கமே உங்கள் பயோடேட்டா ஆகிவிடும். தோற்ற நாளையும் போடுங்கள். பத்து வெற்றிப் படங்களுக்கு நடுவே அதைத்தான் ஆட்கள் நின்று படிப்பார்கள். பயிற்சி இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகே இருப்பிடத்தைப் பதிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஒரே ஆப்பை நம்பி இருக்கவும் கூடாது. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, பலரின் பல வருட உழைப்பு ஒரே ராத்திரியில் போனது. ஒரிஜினல் வீடியோக்களைத் தனியே சேமித்து வையுங்கள்.

பணம் வந்தால்?

முதலில் ‘பார்ட்டர்’ வரும்: ஷூ தருகிறோம், ஒரு ரீல் போடுங்கள் என்பார்கள். அதுவும் விளம்பரம்தான். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பதிவிட்டால், அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-லும், மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டன. தவறான விளம்பரத்தில் நடித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் பொருட்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு. 2022 ஜூலையில் இந்த விதி வந்தது. இலவச ஷூவும் வருமானக் கணக்கில் வரும்.

உங்கள் முகத்துக்கும் விலை இருக்கிறது. 2021-ல் பி.வி.சிந்து டோக்கியோவில் வெண்கலம் வென்றதும், அவருடன் ஒப்பந்தமே இல்லாத நிறுவனங்கள் வாழ்த்து என்ற பெயரில் அவர் படத்தைப் போட்டன. சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக அவரது மேலாண்மை நிறுவனம் அறிவித்தது. உங்கள் ஊர்க் கடை பேனரில் உங்கள் படம் வந்தாலும், ‘யாரிடம் கேட்டீர்கள்?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எதற்கு ‘நோ’ சொல்ல வேண்டும்?

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, இவற்றை விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பெயர் தெரியாத புரோட்டீன் பவுடர்: ஊக்கமருந்து விதிகளில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்ப முடியாது. உடலில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரருடையது. விளம்பரத்துக்காகக் குடித்த ஒரு டப்பா, வருடக் கணக்கில் தடை வாங்கித் தரலாம்.

படிக்காமல் போடும் கையெழுத்து: 18 வயதுக்குக் கீழே உள்ளவர் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. பெற்றோரும் பயிற்சியாளரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். எத்தனை மாதம், எத்தனை பதிவு, ஒப்பந்தம் முடிந்த பிறகு வீடியோ யாருக்குச் சொந்தம்? இந்த மூன்றும் எழுத்தில் இருக்கணும்.

கமென்ட் பகுதி: 2022 ஆசியக் கோப்பையில் ஒரு கேட்சை விட்டதற்காக அர்ஷ்தீப் சிங் இணையத்தில் எவ்வளவு வசை வாங்கினார் என்பது நினைவிருக்கும். இந்திய அணி வீரருக்கே அப்படி என்றால், பதினாறு வயதுப் பிள்ளைக்கு? போட்டிக்கு முந்தைய நாளும் அன்றும் போனை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஃபாலோயர் எதைத் தராது?

தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, பயிற்சி, உபகரணம், போட்டிப் பயணம் ஆகியவற்றுக்கு உதவுகிறது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தில் முதன்மைப் பட்டியல் வீரர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் கைச்செலவுத் தொகை உண்டு.

இந்த மூன்றிலும் உங்கள் ஃபாலோயர் எத்தனை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது சான்றிதழும் போட்டி முடிவுகளும்தான். அதனால் இன்று ரீல் எடிட் பண்ண உட்காருவதற்கு முன்னால், இதுவரை வாங்கிய எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஸ்பான்சர் கேட்டாலும் அரசு கேட்டாலும் முதலில் அனுப்ப வேண்டியது அதைத்தான்.