பார்க்க ஒன்று, படமெடுக்க ஒன்று

யாஷிகா மேட் 124ஜி கேமராவின் முகப்பில் இரண்டு லென்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். படம் பதிவது கீழ் லென்ஸ் வழியாக மட்டும்தான். மேலே உள்ளது போட்டோ எடுப்பவர் பார்ப்பதற்கு. ஒரு படத்துக்கு இரண்டு லென்ஸ் எதற்கு, வீண்செலவு அல்லவா என்று தோன்றும். ஆனால் இந்த ஏற்பாட்டால்தான் பல தலைவலிகள் தீர்ந்தன.

இரண்டு லென்ஸ்களின் குவியத் தூரமும் 80 மி.மீ. இரண்டும் ஒரே பலகையில் பொருத்தப்பட்டிருப்பதால் இடப்பக்கக் குமிழைத் திருகினால் சேர்ந்தே நகரும்; மேலே தெளிவாகத் தெரிந்தால் கீழேயும் தெளிவுதான். மேல் லென்ஸின் திறப்புதான் பெரிது: அது எஃப்/2.8, கீழ் லென்ஸுடையது எஃப்/3.5. திறப்பு பெரிதானால் பிம்பம் பளிச்சென்று விழும். ஃபோகஸ் கொஞ்சம் விலகினாலும் உடனே மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கும் லென்ஸுக்கு வேண்டிய குணம் அதுதான்.

உள்ளே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி. அது ஒளியை மேலே திருப்பி, சொரசொரப்பான கண்ணாடித் திரையில் விழச் செய்கிறது. கேமராவை வயிற்றருகே பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால் பிம்பம் நிமிர்ந்தே நிற்கும், இடவலம் மட்டும் மாறியிருக்கும். வலப்பக்கம் ஓடும் குழந்தை திரையில் இடப்பக்கம் ஓடும். பழகாத கை கேமராவைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டுத் தடுமாறும்.

ஒரே லென்ஸால் பார்த்துப் படமும் எடுக்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி மேலே எழும்பும். சரியாகப் படம் பதியும் கணத்தில் எடுப்பவருக்கு எதுவும் தெரியாது. யாஷிகாவில் கண்ணாடி அசைவதே இல்லை. ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் மெல்லிய இதழ்கள்தான் என்பதால், அதிர்வில்லாமல் ஒரு சின்ன ‘டிக்’ மட்டும் கேட்கும். நொடியில் 500இல் ஒரு பங்கு வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும்.

குறையும் உண்டு. லென்ஸ்கள் இரண்டுக்கும் ஏறத்தாழ 4 செ.மீ. இடைவெளி; மேலே தெரிவதும் கீழே பதிவதும் அந்த அளவுக்கு விலகும். பத்து மீட்டர் தூரத்தில் படத்தில் அடங்கும் பரப்பு ஏழு மீட்டர் அகலம், அங்கே 4 செ.மீ. பொருட்டே அல்ல. ஒரு மீட்டரில் எடுத்தால் அடங்குவது முக்கால் மீட்டருக்கும் குறைவு. கவனிக்காவிட்டால் ஆளின் உச்சந்தலை வெட்டுப்படும். இதே வகைக் கேமரா செய்த மாமியா நிறுவனம் இதற்குப் பாராமெண்டர் என்ற துணைக்கருவியை விற்றது. ஃபோகஸ் செய்தபின் கேமராவையே சரியாக அந்த இடைவெளி அளவுக்கு உயர்த்தி, கீழ் லென்ஸை மேல் லென்ஸ் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்!

இந்த வடிவத்துக்குப் புகழ் தேடித் தந்தது 1929இல் வந்த ஜெர்மனியின் ரோலிஃபிளெக்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜப்பானில் ரிக்கோ, மினோல்டா, மாமியா எனப் பல நிறுவனங்கள் இதைக் குறைந்த விலையில் செய்தன. 1949இல் நாகானோ மாகாணத்தில் தொடங்கிய யாஷிகாவும் அவற்றில் ஒன்று. 124ஜி 1970இல் வந்து, 1986 வரை தயாரிப்பில் இருந்தது. 120 ரக பிலிம் ரோலில் 12 படம், 220 ரக ரோலில் 24 படம். நெகட்டிவ் 56 மி.மீ. சதுரம், 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் பரப்பைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். தமிழ்நாட்டுக் கல்யாணப் படங்கள் பலவற்றைப் பெரிதாக்கியும் பிசிறில்லாமல் தந்தது இந்தச் சதுரம்தான்.

ஷட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. வலப்பக்கக் கைப்பிடியைச் சுற்றினால் பிலிமும் நகரும், ஷட்டரும் தயாராகிவிடும். பேட்டரி வேண்டியது வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். சிக்கலும் அங்கேதான். மீட்டரில் உள்ள காட்மியம் சல்ஃபைடு மீது ஒளி பட்டால் அதன் மின்தடை குறையும், முள் நகரும். இந்தக் கணக்கு சரிவர மின்னழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும். 1.35 வோல்ட்டைக் கடைசிவரை பிடித்து நிற்கும் பாதரச பேட்டரியை நம்பித்தான் மீட்டரை வடிவமைத்தார்கள். இப்போது கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால், வெளிச்சம் அதிகம் என்று முள் பொய் சொல்லும், படம் இருட்டடிக்கும். அல்கலைனின் அழுத்தம் நாளாக ஆகச் சரிவதால் பொய்யின் அளவும் மாறிக்கொண்டே போகும்.

பாதரச பேட்டரிகளை உலகச் சந்தையிலிருந்து விலக்கிய 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பெயர் மினமாட்டா. ஆலைக்கழிவின் பாதரசம் மீன் வழியே மனிதரைத் தாக்கிய ஜப்பானிய ஊர் அது. மீட்டரின் முள் தவறுவது அந்தத் துயரத்தின் முன் ஒன்றுமே இல்லை. காதுகேட்கும் கருவிக்கான 1.4 வோல்ட் துத்தநாகக் காற்று பேட்டரி நல்ல மாற்று. சில வாரங்களே உழைக்கும், ஆனால் அழுத்தம் நிலையாக நிற்கும்.

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு யாஷிகா இருந்தால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தைப் பிடித்துவைக்கும் தோல் உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி அறையில் பழைய பாதரச பேட்டரி இருந்தால் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.