நன்மை செய்யும் கிருமிகள்: உண்மை எவ்வளவு?

கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவது நோயே. ஆயினும், கிருமிகளுள் நமக்கு உதவி புரிவனவும் உள என்பதை நம் பாட்டிமார் அவற்றின் பெயரறியாமலே அறிந்திருந்தனர். காய்ச்சி ஆற்றிய பாலில் ஒரு கரண்டி மோரை உறையாக இட்டு, விடிந்ததும் கட்டித் தயிர் எடுத்த கைகள், கோடிக்கணக்கான பற்றீரியாக்களை வேலை வாங்கிய கைகளேயாம். அவை பாலிலுள்ள இலக்றோசு என்னும் வெல்லத்தை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே பாலை உறையச் செய்து புளிப்பையும் தருகிறது.

இன்று கொழும்பு மாளிகாவத்தையில், மாடிக் குடியிருப்புக்களை அண்டிய கடைகளில், மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரையும் சிறு யோகட் கிண்ணங்களையும் அருகருகே காண்கிறோம். மருந்துக் கடைகளிலோ 'புரோபயோட்டிக்' என்ற பெயரில் பொடியும் வில்லைகளும் விற்கப்படுகின்றன. வயிற்றோட்டத்தால் வாடும் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய், கையிலுள்ள சொற்பப் பணத்தை இவற்றுள் எதற்குச் செலவிடுவாள்? இவ்வினாவுக்கு விளம்பரம் தரும் விடை வேறு. ஆராய்ச்சி தரும் விடை வேறு.

கொள்கை பிறந்த கதை

ரஷ்ய விஞ்ஞானி மெச்னிக்கோவ், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர். புளித்த பாலை மிகுதியாக உண்ணும் பல்கேரியக் குடியானவர் நெடுங்காலம் வாழ்வதற்கு அப்பாலிலுள்ள கிருமிகளே காரணம் என அவர் கருதினார். 1908ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது; ஆனால் அது உடலின் நோய் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தமைக்காகவேயன்றித் தயிருக்காக அன்று. புளித்த பாலைத் தாமும் தவறாது பருகிய அப்பெரியார், 1916ஆம் ஆண்டில் 71ஆம் வயதில் காலமானார். அறிஞர் ஒருவர் நம்பினார் என்பதனால் மட்டும் ஒரு கொள்கை நிரூபணமாகிவிடாது என்பதை நாம் இதிலிருந்து உணரலாம்.

கல்கத்தாவும் ஒரிசாவும்

மாளிகாவத்தை போன்ற நெருக்கமான நகர்ப்புறங்களில் வாழ்வோருக்குப் பெரிதும் பயன்படக்கூடிய சோதனையொன்று கல்கத்தாவின் சேரிப்பகுதியில் நடைபெற்று, 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 3,758 குழந்தைகள் இரு பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு 'இலக்ரோபசிலஸ் கசேய் ஷிரோட்டா' என்னும் கிருமி சேர்ந்த பானமும், மற்றவருக்கு அக்கிருமியற்ற சத்துப் பானமும் 12 வாரம் நாள்தோறும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. மொத்தம் 24 வாரக் கண்காணிப்பில், சத்துப் பானம் அருந்தியவருள் 674 பேருக்கும், கிருமிப் பானம் அருந்தியவருள் 608 பேருக்கும் வயிற்றோட்டம் கண்டது. பாதுகாப்பு நூற்றுக்கு 14 அளவே. பயன் உண்டு, ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்பானம் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை.

ஒரிசாக் கிராமங்களில் கிடைத்த பயன் இதனினும் பெரிது. 2017ஆம் ஆண்டில் வெளியான அச்சோதனையில் 4,556 பச்சிளங் குழந்தைகள் இடம்பெற்றன. பிறந்த சில நாட்களில், 'இலக்ரோபசிலஸ் பிளாந்தாரம்' கிருமியும் அதற்கு உணவாகும் ஒருவகை வெல்லமும் ஏழு நாட்கள் கொடுக்கப்பட்டன. இரத்தத்தில் நஞ்சேறும் நோயோ மரணமோ நேர்ந்தோர், வெறும் பொடி பெற்றவருள் நூற்றுக்கு 9 ஆகவும், கிருமி பெற்றவருள் 5.4 ஆகவும் இருந்தனர். அக்குழந்தைகள் யாவும் குறைந்தது இரண்டு கிலோகிராம் நிறையுடன் பிறந்தவை என்பதை மறத்தலாகாது. மிகவும் குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு இத்தகைய பொருள்களே கேடாகலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023ஆம் ஆண்டில் எச்சரித்தது.

ஒன்றின் பயன் மற்றொன்றுக்கு ஆகாது

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 971 குழந்தைகளையும் கனடாவில் 886 குழந்தைகளையும் கொண்டு இரு சோதனைகள் நடைபெற்ற செய்தி வெளியாயிற்று. வயிற்றோட்டம் தொடங்கியபின் வைத்தியசாலைக்கு வந்த குழந்தைகள் இவர்கள். கொடுக்கப்பட்டனவோ வேறு கிருமிகள். வெறும் பொடி பெற்ற குழந்தைகளைவிட இவர்கள் விரைவில் குணமடையவில்லை. மறுபுறம், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் விளையும் வயிற்றோட்டத்தைத் தடுப்பதில் சான்று நன்றாகவே உள்ளது. 33 ஆய்வுகளைத் திரட்டி 2019ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீட்டில், கிருமி பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 8 பேருக்கும் பெறாதவருள் 19 பேருக்கும் அவ்வயிற்றோட்டம் ஏற்பட்டமை தெரிகிறது.

ஆகவே, "புரோபயோட்டிக் நல்லதா?" என்ற கேள்வி, "மருந்து நல்லதா?" என்பதைப் போன்றதே. எந்தக் கிருமி, எவ்வளவு, எந்நோய்க்கு, யாருக்கு என்று கேட்டல் வேண்டும். இந்நான்குக்கும் விடை கூறாத பொருளுக்குப் பெரும்பணம் கொடுப்பது வீண்.

தயிரின் இடம்

தயிரை யாம் குறைத்துக் கூறவில்லை. சுண்ணாம்புச் சத்தும் புரதமும் நிறைந்த நல்லுணவு அது. பாலருந்தினால் வயிறு பொருமுவோர் பலருக்கு, உயிருள்ள கிருமிகள் கொண்ட யோகட் இலக்றோசைச் செரிக்க உதவுகிறது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் வீட்டுத் தயிரில் வளரும் கிருமிகள் சட்டிக்குச் சட்டி வேறுபடும். ஆதலால், ஒரிசாவின் பயனை அதனிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. தோசை மாவிலும் இட்லி மாவிலும் பெருகும் கிருமிகளோ அடுப்பின் வெப்பத்தில் மடிந்துவிடுகின்றன.

குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் முதலில் வேண்டியது, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே. 'ஜீவனி'ப் பொடியை உறையிற் குறிப்பிட்டபடி கொதித்தாறிய நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண்கள் குழிவிழுந்தாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கையிலுள்ள சொற்பப் பணம் முதலில் அந்த உப்புப் பொடிக்கே செல்லட்டும். தயிர்ச்சட்டி, நோய் தீர்ந்தபின் சோற்றுடன் சேரட்டும்.