சுற்றுலாவை அளப்பது எவ்வாறு?

2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த உள்நாட்டுப் பிரயாணிகளின் வருகை ஏறக்குறைய 49 கோடியே 48 லட்சம் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் கூறுகிறது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இம்மாநிலத்து மக்கள் 7 கோடியே 21 லட்சம் பேர்தாம் என்பதை நினைவில் கொண்டு பார்ப்பவர்களுக்கு, ஓராண்டுக்குள் அதைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு பேர் வந்து போவது சாத்தியந்தானா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. அதற்கான சமாதானம் கணக்கெடுக்கும் முறையிலேயே இருக்கிறது. விடுதிகளும் சத்திரங்களும் மாதந்தோறும் தரும் விவரங்களை மாநிலச் சுற்றுலாத் துறை திரட்டி அமைச்சகத்துக்கு அனுப்புகிறது. ஆகவே, காஞ்சிபுரத்தில் ஓரிரவும், சிதம்பரத்தில் ஓரிரவும், இராமேசுவரத்தில் ஓரிரவும் தங்கித் தரிசனம் முடித்துத் திரும்பும் ஒரு குடும்பஸ்தர், மாநிலத் தொகையில் மூன்று வருகைகளாக இடம்பெற்றுவிடுகிறார். அதே வேளையில், உறவினர் வீட்டில் தங்கி ஊர் பார்த்துச் செல்பவரோ விடுதிப் பதிவேட்டில் ஏறாமலே போய்விடுகிறார்.

இது புள்ளிவிவர நிபுணர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று. கணக்கு எந்தத் திசையில் சுட்டுகிறதோ அந்தத் திசையிலேதான் அரசாங்கத்தின் சகாயமும் பாய்கிறது. 1945இல் சர் ஜான் சார்ஜெண்ட் தலைமையில் அமைந்த குழு, பிரயாணிகளை வரவேற்பது அரசின் கடமைகளுள் ஒன்று என்ற சிந்தனைக்கு இந்நாட்டில் வித்திட்டது. 1971இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஸ்தாபிக்கப்பட்டு, தனியார் முதலீடு எளிதில் எட்டாத ஊர்களிலும் தங்கும் விடுதிகள் எழுந்தன. பிற்காலத்தில் 'சுதேச தரிசனம்', 'பிரசாத்' என்னும் மத்தியத் திட்டங்கள் தோன்றின. காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் பின்னதில் சேர்க்கப்பட்டன. சாலை, விளக்கு, குடிநீர், வாகன நிறுத்துமிடம் ஆகிய இவையெல்லாம் அவசியமான காரியங்களே. ஆயினும், வருகைத் தொகை உயர்வதொன்றே வெற்றியின் அடையாளமாகக் கருதப்படுமானால், இன்னும் பல பேரை வரவழைப்பதே துறையின் ஏக லட்சியமாகி, வந்தவர்களால் ஊருக்கு விளைந்தது என்ன என்ற கேள்வி கேட்பாரற்றுப் போய்விடும்.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. உணவகத்தில் விற்கும் இட்டிலியை உள்ளூர்க்காரரும் உண்கிறார், வெளியூர்க்காரரும் உண்கிறார். பேருந்தில் இருவரும் அருகருகே அமர்ந்தே செல்கிறார்கள். நெசவைப்போலவோ சுரங்கத்தைப்போலவோ சுற்றுலா தனியொரு தொழிலாகத் தேசியக் கணக்கில் தென்படாததற்கு இதுவே காரணம். ஒவ்வொரு தொழிலின் வருமானத்திலும் பிரயாணிகள் செலவிட்ட பங்கை மட்டும் பிரித்தெடுத்து ஒருங்கே காட்டும் 'சுற்றுலாத் துணைக்கோள் கணக்கு' என்ற முறையை 2000இல் ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளியியல் ஆணையம் அங்கீகரித்தது. இந்தியா 2002-03ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக அதனைத் தயாரித்தது. 2009-10ஆம் ஆண்டுக்கு மாநில அளவிலும் அத்தகைய கணக்குகள் வரையப்பட்டன. ஆனால் மாநிலத்துக்கு ஒரு சராசரி போட்டுவிட்டால், மே மாதத்து உதகமண்டலத்தின் நெரிசலும், பார்க்கத் தகுந்தனவெல்லாம் இருந்தும் ஆளரவமின்றிக் கிடக்கும் சிற்றூர்களின் நிலையும் அதனுள் ஒன்றாய்க் கரைந்து மறைந்துவிடுகின்றன.

உதகையின் அனுபவம் இவ்விடத்தில் நமக்குப் பெரும் பாடமாகும். கோடைக் காலத்தில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நுழைகின்றன என்ற தகவல் சென்னை உயர்நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டபோது, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டுமென நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டி எவ்வகையினது, அதில் எத்தனை பேர், பகலிலேயே திரும்புவார்களா, தங்குவதானால் எங்கே, எத்தனை நாள் என்பனவெல்லாம் அதில் கேட்கப்பட்டன. வழக்கமான வாழிடத்தைவிட்டு வந்து ஓரிரவேனும் தங்குபவரையும், தங்காமல் அன்றே திரும்புபவரையும் சர்வதேச வரையறை பிரித்துப் பார்க்கிறது. மலையூர் ஒன்றுக்கு அந்தப் பிரிவினை எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். காலையில் வந்து மாலையில் இறங்கிவிடுபவர் சாலையையும் கழிப்பிடத்தையும் உபயோகிக்கிறார். குப்பையையும் விட்டுச் செல்கிறார். ஊராருக்கு அவரால் கிடைக்கும் வருவாயோ சொற்பம்.

மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. சீசன் வருமானத்தைக் கொண்டே வருஷம் முழுதும் குடும்பம் நடத்தும் வியாபாரிகள் கடையடைத்து எதிர்ப்புத் தெரிவித்ததை எவரும் அலட்சியம் செய்யலாகாது. வரம்பு விதிப்பதால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதும் அளந்தறிய வேண்டிய உண்மையே. ஆனால், மண் சரியும் சரிவுகளும், கோடையில் வற்றும் நீர்நிலைகளும், யானைகளின் வழித்தடங்களும் கொண்ட ஒரு மலை, தன்னால் தாங்க இயலாததை வாய்திறந்து சொல்லாது. அதற்காகப் பேச வேண்டியது கணக்குத்தான்.

ஆகவே, ஒவ்வொரு ஜில்லாவிலும் வருகைத் தொகையோடு நான்கு விவரங்கள் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும்: வந்தவர்கள் தங்கிய இரவுகள், அவர்கள் செலவிட்டதில் உள்ளூரிலேயே நின்ற பணம், அவர்களுக்காகச் செலவான நீர், அவர்கள் விட்டுச் சென்ற குப்பை. இவற்றைத் திரட்டுவதற்கு விடுதிப் பதிவேடும், நகராட்சிக் கணக்கும், மலையூர்களில் இ-பாஸ் விவரங்களும் ஏற்கனவே கையில் இருக்கின்றன. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் மனமே தேவை. அரசின் நிதியுதவியும் அந்தக் கணக்கைப் பின்பற்றி, நிரம்பி வழியும் ஊரில் சுமையைக் குறைக்கவும், காத்திருக்கும் ஊரில் வசதியைப் பெருக்கவும் பயன்பட வேண்டும். வந்தவர் மகிழ்ந்து திரும்பவும், வரவேற்ற ஊர் வறண்டுபோகாமல் நிலைக்கவும் செய்வதே சுற்றுலாவின் மெய்யான அபிவிருத்தி.