பழைய காரின் பல்லைப் பிடித்துப் பாருங்கள்



தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டை? நம் தோட்டங்களில் பசு வளர்த்த பெரியவர்கள், ஒரு மாட்டை வாங்குமுன் பல்லைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், பாலைக் கறந்தும் பார்ப்பார்கள். விற்பவர் உறவுக்காரராகவே இருந்தாலும் இந்தச் சோதனையை விடமாட்டார்கள். அவர்கள் வழிவந்த நாமோ, ஒரு பழைய காரை, மேலே பூசிய சாயம் மின்னுவதைப் பார்த்து அரை மணி நேரத்தில் வாங்கி விடுகிறோம்.

தோட்டத்தில் வாழும் குடும்பத்துக்குக் கார் ஆடம்பரம் அன்று. பிரதான சாலைக்கு வரவே சில மைல் செம்மண் பாதையைக் கடக்க வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மோட்டார் சைக்கிளில் போர்வையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகவே மலிவாக ஒரு கார் வருகிறது என்றால் மனம் அதன் பின்னே ஓடுவது இயற்கைதான்.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் தந்தை, செம்பனைத் தோட்டத் தொழிலாளி, ஒருநாள் பள்ளி முடிந்த நேரத்தில் வந்தார். "சார், வெளியில் 15,000 வெள்ளிக்குப் போகிற காராம். எனக்கு 9,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார்கள். ஏதோ சின்ன விபத்தில் அடிபட்ட வண்டியாம். வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மழையோ வெயிலோ, அவர்களை இரண்டு நடையாக மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுபவர் அவர்.

நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அந்த 6,000 வெள்ளி எதற்காகக் குறைந்தது?"

அவரிடம் பதில் இல்லை. நேயர்களே, அடிபட்ட வண்டியை வாங்கலாமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான்.

இத்தகைய வண்டிகள் சந்தைக்கு எப்படி வருகின்றன? ஒரு கார் பலமாக மோதி விட்டால், காப்புறுதி நிறுவனம் கணக்குப் பார்க்கும். செப்பனிடும் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால், செப்பனிடுவதில் பயனில்லை என்று முடிவு செய்து, உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, உடைந்த வண்டியை விற்றுவிடும். அவற்றில் சில உதிரிப் பாகங்களாகும். சில, எப்படியோ உருப்பெற்று மறுபடி சாலைக்கு வரும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், அத்தகைய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அது கழிக்கப்பட்ட வண்டி என்று முத்திரை இருக்கும். நம் நாட்டில் கிராண்டை மட்டும் புரட்டிப் பார்த்து ஒரு வண்டியின் விபத்துக் கதையை அறிந்துவிட முடியாது. வண்டியைத்தான் விசாரிக்க வேண்டும்.

அடிபட்ட வண்டிகளை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல் வகை, மேற்புறச் சேதம் மட்டும் உள்ளது. கதவு நசுங்கியிருக்கும், முன்விளக்கு உடைந்திருக்கும், பம்பர் மாற்றப்பட்டிருக்கும். இவற்றை ஒழுங்காகச் செப்பனிட்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம்.

இரண்டாம் வகை, வெள்ளத்தில் மூழ்கியது. 2014 டிசம்பரில் கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம், உலு லங்காட் வட்டாரங்களிலும் வெள்ளம் வந்தபோது, கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்ததை நாம் பார்த்தோம். முழுமையான காப்புறுதி எடுத்திருந்தாலும், வெள்ளத்துக்குத் தனிக் கட்டணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் பொதுவாக இழப்பீடு கிடைக்கும். சேர்க்காதவர்களில் சிலர், வண்டியைக் கழுவிக் காயவைத்து விற்றுவிடுவது உண்டு. வெள்ள வண்டியின் நோய் உடனே தெரியாது. சேற்று நீர் மின்கம்பிகளின் இணைப்புகளுக்குள் புகுந்து மெல்ல மெல்ல அரிக்கும். சில மாதங்கள் கழித்து ஒருநாள் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். பல கார்களில், காற்றுப்பையை இயக்கும் கருவி தரையை ஒட்டியே இருக்கிறது. அது கெட்டுப்போனால், மோதும் நேரத்தில் காற்றுப்பை விரியாமலே போகலாம்.

மூன்றாம் வகை, வெட்டி ஒட்டிய வண்டி. கெரெத்தா போத்தோங் என்று சொல்கிறார்களே, அதுதான். முன்பாதி ஒரு காரிலிருந்தும், பின்பாதி மற்றொரு காரிலிருந்தும் வந்திருக்கும். இக்காலக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். மோதலின் வேகத்தை முன்பகுதி நசுங்கி வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அதை அறுத்து ஒட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. இவ்வகை வண்டியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. இலவசமாகத் தந்தாலும் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

இனி, சோதிக்கும் முறை. நல்ல பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் பாருங்கள்.

கதவுகள், பானெட் ஆகியவற்றின் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். பானெட்டைத் திறந்து, திருகாணிகளின் சாயம் உரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். உரிந்திருந்தால், அந்தப் பாகத்தை யாரோ கழற்றியிருக்கிறார்கள். பின்பெட்டி விரிப்பைத் தூக்கி, உபரிச் சக்கரம் இருக்கும் குழியைப் பாருங்கள். தொழிற்சாலையில் இட்ட பற்றுகள் சீரான புள்ளிகளாக இருக்கும். கையால் வைத்த பற்று மேடு பள்ளமான கோடாகத் தெரியும்.

பாதுகாப்பு வாரை முழுவதுமாக வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தின் கையெழுத்து. இருக்கையின் கீழே உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு ஏறியிருக்கிறதா, உள்ளே பூஞ்சை வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். வாசனைப் புட்டிகள் அளவுக்கு மீறித் தொங்கினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும் கோளாறு. எரியவே இல்லை என்றாலும் கோளாறு. பழுதை மறைக்க விளக்கையே துண்டித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

வண்டியின் சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் கிராண்டில் உள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி உராய்த்த தடமோ புதுச் சாயமோ இருந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். முந்தியவரின் வங்கிக் கடன் முடிந்துவிட்டதா என்றும் கேளுங்கள். மீதியை நீங்கள் தொடர்ந்து கட்டிக்கொள்ளுங்கள் என்று கைமாற்றும் வண்டி, நீங்கள் எத்தனை மாதம் கட்டினாலும் உங்கள் பெயருக்கு வராது.

பெயர் மாற்றத்துக்கு முன், புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பரிசோதனை நடக்கும். அது வண்டியின் அடையாளத்தையும் அன்றைய நிலையையும் பார்க்கும் சோதனை. அதில் தேறிவிட்டது என்பது, வண்டி நீண்ட நாள் உழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த ஒரு போர்மேனுக்குக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் போர்மேன் வேண்டாம். பணம் கட்டுமுன் காப்புறுதி நிறுவனத்திடமும் அந்த வண்டிக்கு முழுக் காப்புறுதி தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் தயங்கினால் நாமும் தயங்க வேண்டியதுதான்.

வணிகரிடம் வாங்குவதாக இருந்தால், வெள்ளத்தில் மூழ்காத வண்டி, வெட்டி ஒட்டாத வண்டி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் ஏமாற்றம் தெரிந்தால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் தனியாரிடம் வாங்கிய வண்டிக்கு அந்த வழி இல்லை.

அந்தத் தந்தையும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்மேனுடன் போய் அந்தக் காரைப் பார்த்தோம். பின்பெட்டி விரிப்பைத் தூக்கியதும் போர்மேன் ஒன்றும் பேசவில்லை. குறுக்கே ஓடிய ஒரு கோட்டை விரலால் தடவிக் காட்டினார். திரும்பும் வழியெல்லாம் அந்தத் தந்தையும் பேசவில்லை. தோட்டத்து முகப்பு வந்ததும், "பிள்ளைகள் பின்னால்தானே சார் உட்காரும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து, ஓய்வு பெற்ற ஒரு கிராணியாரின் காரை 10,500 வெள்ளிக்கு வாங்கினார். அது இன்னும் பழைய வண்டி. இடப்பக்கக் கதவில் ஒரு நசுங்கல் உண்டு. அது எப்படி வந்தது என்பதைக் கிராணியார் வீட்டு வாசல் தூணைப் பார்த்தாலே தெரியும்.

நேயர்களே, தெரிந்த நசுங்கலோடு வாழலாம். தெரியாத ஒட்டுத்தான் ஆபத்து. விலை ஏன் குறைந்தது என்பதற்கு விடை கிடைக்கும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.