தேயிலையைச் சுமக்கும் மரம்

1924ஆம் ஆண்டு இருப்புப்பாதை இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள பதுளையை எட்டிய காலந்தொட்டு, ஊவாத் தோட்டங்களின் தேயிலை, ஈயத்தாள் உட்புறம் ஒட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடைபட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிச் சென்றது. பெட்டியின் ஸ்தானத்தைக் காகிதப் பைகள் கவர்ந்துகொண்ட பின்னரும் மரத்தின் சேவை முடிந்துவிடவில்லை. அப்பைகளை அடுக்கிக் கப்பலேற்றுவதற்குப் பேலட் என்னும் மரத்தட்டு அவசியமாயிற்று.

இத்தட்டுகளுக்கான பலகையை அறுக்கும், இரண்டு சக்கரங்களின் மீது முடிவின்றிச் சுழலும் மெல்லிய எஃகுப் பட்டையாகிய பேண்ட்சோ, வட்டவாளைக் காட்டிலும் குறைந்த அளவே மரத்தைத் தூளாக்கி வீணடிப்பதால், மலிவான மரத்திலிருந்து இயன்றவரை அதிகப் பலகை பெற விரும்பும் மரக்காலைக்கு அது பெரிதும் அனுகூலமானது. பழைய தட்டுகளைப் பிரிப்பதிலோ அதன் சாமர்த்தியம் இன்னும் விசேஷமானது: பலகைக்கும் தாங்குகட்டைக்கும் இடையே கிடையாக ஓடி, ஆணிகளையே அறுத்துத் தள்ளிவிடுகிறது; கடப்பாரையால் நெம்பிப் பலகையைப் பிளக்கும் மூர்க்கம் இங்கே இல்லை.

மரத்தோடு பூச்சிகளும் தேசாந்தரம் போகாதிருக்க, 2002இல் ஏற்பட்ட சர்வதேச விதி ஏற்கும் ஒரு முறைப்படி, ஏற்றுமதித் தட்டின் மரம் அதன் மையம்வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருத்தல் வேண்டும். அதற்குச் சாட்சியாக 'எச்.டி.' முத்திரை பதிக்கப்படும். 'எம்.பி.' என்றிருப்பின் அது மெத்தில் புரோமைடு நச்சுவாயு ஊட்டிய மரம். அத்தகைய பழம்பலகையை அடுப்பெரிக்கவோ அலமாரி செய்யவோ வாங்காதீர்கள்.