ஆவுளியா (கடற்பசு)

ஆவுளியா என்பது கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி விலங்கு ஆகும். கடற்பசு என்றும் இதனை அழைப்பர். ஆங்கிலத்தில் இதன் பெயர் டூகாங். இந்தியாவில் கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் தீவுகள், தமிழகத்தின் மன்னார் வளைகுடா மற்றும் பாக் விரிகுடா ஆகிய பகுதிகளில் மட்டுமே காணப்படுகிறது. நாட்டில் எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே என்று மதிப்பிடப்படுகிறது.

கடற்சிங்கமும் ஆவுளியாவும்

மாணவர்கள் பலர் ஆவுளியாவைக் கடற்சிங்கத்தோடு குழப்பிக்கொள்வதுண்டு. கடற்சிங்கம் மீன்களைப் பிடித்து உண்ணும். பாறைகளில் ஏறி இளைப்பாறும். கரையிலேயே குட்டி ஈனும். அது இந்தியக் கடற்கரைகளில் வாழ்வதில்லை. ஆவுளியாவோ தாவர உண்ணி. வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கும். இன்றுள்ள நிலவிலங்குகளில் இதற்கு மிக நெருங்கிய உறவு யானை. மேகமலைக் காட்டு யானையைப் போலவே ஆவுளியாவுக்கும் பால்மடி முன்னங்கால்களின் அருகே அமைந்துள்ளது. வளர்ந்த ஆணுக்குச் சிறு தந்தங்களும் உண்டு.

உடலமைப்பும் உணவும்

வளர்ந்த ஆவுளியா சுமார் 3 மீட்டர் நீளமும் 400 கிலோ வரை எடையும் கொண்டது. முன்னங்கால்கள் துடுப்புகளாக மாறியுள்ளன, பின்னங்கால்கள் இல்லை. வால் திமிங்கிலத்தின் வாலைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கும். நுரையீரலால் சுவாசிப்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் உண்ணும். கடற்புல் பாசி அன்று. வேர், இலை, பூ கொண்ட பூக்கும் தாவரம். சூரிய ஒளி எட்டும் ஆழமற்ற, தெளிந்த நீரிலேயே இது செழிக்கும். மீன் குஞ்சுகளும் இறால்களும் ஒதுங்கி வளர்வதும் இந்தப் புல்வெளிகளில்தான். ஆகவே கடற்புல் அழிந்தால் ஆவுளியாவோடு மீனவரின் வருமானமும் குறையும்.

இனப்பெருக்கம்

ஆவுளியா 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் மிக மெதுவாகவே பெருகும். பெண் விலங்கு முதல் குட்டியை ஈனப் பல ஆண்டுகள் ஆகும். சில பெண்கள் 17 வயதில்தான் தாயாகின்றன. கருக்காலம் 13 முதல் 14 மாதங்கள். ஒரு முறைக்கு ஒரு குட்டிதான். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் இடைவெளி இருக்கும்.

எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் இவற்றின் தொகை ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகாது. அதாவது 100 ஆவுளியாக்கள் உள்ள ஒரு கடற்பகுதியில் ஓராண்டில் கூடுவது அதிகபட்சம் 5. வலையிலும் படகு மோதியும் அதற்கு மேல் இறந்தால் எண்ணிக்கை சரியத் தொடங்கும். எனவே ஒவ்வொரு தாய் விலங்கின் உயிரும் இன்றியமையாதது.

அச்சுறுத்தல்கள்

முற்காலத்தில் இறைச்சிக்காகவும் எண்ணெய்க்காகவும் ஆவுளியாக்கள் வேட்டையாடப்பட்டன. இன்று பெரும் ஆபத்து செவுள் வலைகள். வலையில் சிக்கிய ஆவுளியா மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கி இறந்துவிடும். விசைப்படகுகளின் இழுவைமடி கடற்புல்லை வேரோடு பெயர்த்துவிடுகிறது. இதன் உறவினமான ஸ்டெல்லர் கடற்பசு 1741இல் கண்டறியப்பட்டு, வேட்டையால் 27 ஆண்டுகளுக்குள் அடியோடு அழிந்தது.

பாதுகாப்பு

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இடம்பெற்றுள்ளது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இத்தகைய பாதுகாப்பகம் இதுவே முதலாவது.

எனினும் காவலின் பெரும்பங்கு மீனவர் கையில்தான் உள்ளது. வலையில் சிக்கிய ஆவுளியாவைக் காப்பாற்ற வலையை அறுத்துவிட நேரும். அது மீனவருக்கு இழப்பு. அப்படியிருந்தும் பாக் விரிகுடா மீனவர்கள் ஆவுளியாக்களை உயிருடன் கடலில் விட்டுள்ளனர். அவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கியுள்ளது.

வைகையும் பாக் விரிகுடாவும்

தேனி, கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்களுக்குக் கடல் தொலைவானதாகத் தோன்றலாம். ஆனால் வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, முல்லையாற்றையும் சேர்த்துக்கொண்டு, இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாவில்தான் கலக்கிறது. வழியில் பாசனத்துக்கும் கண்மாய்களுக்கும் போக எஞ்சிய நீரே கடலை அடைகிறது. பொதுவாக ஆறுகள் கொண்டுசேர்க்கும் வண்டலும் உரக்கழிவும் மிகும்போது கடல்நீர் கலங்கும். ஒளி எட்டாமல் கடற்புல் நலியும். மலையில் மண் அரிப்பைத் தடுப்பதும், வயலில் உரத்தை அளவோடு இடுவதும், ஆற்றில் குப்பை கொட்டாதிருப்பதும் கடலுக்கும் செய்யும் உதவியாகும்.