வீட்டுக்குள் ஒரு கொட்டகை – 9: டிஸ்க் நுழையாத லேப்டாப்

சென்ற வாரம் விசிடி பிளேயர்களோடு நிறுத்தியிருந்தோம். அந்த டிஸ்க்குகளை நுழைக்க வழியே இல்லாத லேப்டாப்கள் வந்த கதை இந்த வாரம்.

2007 அக்டோபரில் தைவானின் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பிசி 701' என்ற லேப்டாப்பை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு. டிவிடி ஒன்றே 4.7 ஜிபி கொள்ளும்! அடுத்த ஆண்டு இன்டெலின் ஆட்டம் சிப் வந்ததும் பத்து அங்குல நெட்புக்குகள் கடைகளில் குவிந்தன. எடையும் விலையும் குறைய வேண்டுமென்று டிவிடி டிரைவை எடுத்துவிட்டார்கள்.

அதே 2007-ல்தான் மோசர் பேர் நிறுவனம் இங்கே விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டு விசிடி வாங்கும் காசுக்கே அசல் படம். நடுத்தர வீட்டு அலமாரிகளில் அசல் டிஸ்க்குகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அப்போதுதான். காசு கொடுத்து வாங்கிய படத்தைத் தன் கணினியில் பார்க்க ஒருவருக்கு வழி இருக்க வேண்டும். வழி இருக்கிறது.

யுஎஸ்பி டிரைவ் ஒன்றை வெளியே மாட்டலாம். பழைய யுஎஸ்பி துளை ஒன்று தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர்தான். சில டிரைவ்களுக்கு அது போதாது. அதனால்தான் அவற்றின் கேபிளுக்கு இரண்டு தலை. நெட்புக்கில் இருப்பது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்றால், அதில் டிவிடி ஓட்டும் வசதியே கிடையாது என்பதால் விஎல்சி பிளேயரையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. டிரைவ் உள்ள கணினியில் படத்தை எடுத்து, பென் டிரைவில் கொண்டுவருவது. விசிடி என்றால் வேலை சுலபம்: 'எம்பெக்ஏவி' ஃபோல்டரில் இருக்கும் பெரிய டேட் ஃபைலை அப்படியே காப்பி செய்தால் விஎல்சியில் ஓடும். டிவிடியில் படம் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டருக்குள், ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாத துண்டுகளாக இருக்கும். அது நமக்கு வசதி. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக்கி ஏற்ற முயன்று, டிரைவில் இடமிருந்தும் ஏன் மறுக்கிறது என்று குழம்பியவர்கள் பலர். ஃபோல்டராக ஏற்றினால் அந்தச் சிக்கல் இல்லை.

பல டிவிடிகளில் பூட்டு உண்டு. அவற்றை வெறுமனே காப்பி செய்தால் படம் சிதறும். 1999-ல் அந்தப் பூட்டைத் திறக்கும் நிரலை இன்னும் இருவரோடு சேர்ந்து உருவாக்கியவர் யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயது நார்வேச் சிறுவன். லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்கவே அதைச் செய்ததாக அவர் தரப்பு வாதாடியது. வழக்கு நடந்தது. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் விடுதலை. 2012-ல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டமும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றம் என்கிறது. எடுத்த படத்தை ஊருக்குப் பங்கு வைப்பது வேறு விஷயம், அது திருட்டுதான்.

சின்னத் திரையில் படம் எடுபடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் பக்கத்து டிவிடியில் படத்தின் அளவு 720×576 புள்ளிகள். அகலத்திரைப் படமாக விரியும்போது அது 1024×576 ஆகும். நெட்புக்கின் திரையோ 1024×600. மேலும் கீழும் 12 வரிகள் போக, திரை நிறையப் படம்! எச்டி படங்களுக்கு மூச்சு வாங்கும் அதே ஆட்டம் சிப், டிவிடியைத் தங்குதடையின்றி ஓட்டும். பழைய நெட்புக் வீட்டில் சும்மா கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த வாரம்: சப்டைட்டில் ஃபைலில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிவது ஏன்?